எறையூரிலிருந்து குதிரையில் கிளம்பும் பிள்ளைகளுக்கு

சனிக்கிழமை விடியலில் எறையூரில் கிளம்பி, கொல்லைக்காட்டு வழியாக ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் போய், இரவு ஓரிடத்தில் தங்கி, ஞாயிறு திரும்பி வருவது. வழியிலுள்ள ஊர்களில் ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவது. உங்கள் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட தர்மச் சவாரிகள் வார இறுதிகளில் வழக்கமாக நடக்கின்றன. நம் பக்கத்தில் குதிரை என்றால் கல்யாண ஊர்வலம், அய்யனார் கோயில் மண்குதிரை, ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை, இவ்வளவுதான். காடு கழனி வழியாக இரண்டு நாள் குதிரையில் போவது நமக்குப் புதிது. குதிரைகளோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நன்கொடை கேட்காதீர்கள்.

வெளிநாடுகளில் அது பழைய வழக்கம். எத்தனை தூரம் போகிறாரோ அதற்கேற்பத் தருகிறேன் என்று ஆட்கள் எழுதிக் கொடுப்பார்கள். நடந்து போகிறவருக்கும் மிதிவண்டி ஓட்டுகிறவருக்கும் அது சரி. வலித்தால் அவரே உட்கார்ந்துவிடலாம். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. வலது முன்னங்கால் லேசாக நொண்டும்போது, இன்னும் எட்டு கிலோமீட்டர் போனால் இவ்வளவு பணம் சேரும் என்ற நினைப்பு உங்கள் மனத்தில் இருந்தால், அந்த நொண்டல் உங்கள் கண்ணில் படாது. கெட்ட எண்ணத்தால் அல்ல, நல்ல எண்ணத்தாலேயே படாமல் போகும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

எனவே மொத்தத் தொகையாகக் கேளுங்கள். சவாரி பாதியில் நின்றாலும் பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று ரசீதிலேயே அச்சடியுங்கள். கொடுப்பவர்கள் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால், கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் கடைப்பிடிக்க உங்களுக்கு மனம் வரும். இதைச் செய்யாவிட்டால் மற்றவற்றைப் படித்தும் பயனில்லை.

2. குதிரையின் செலவை முதலில் ஒதுக்குங்கள்.

மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்தார். பிறகு இறைவனே நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். இன்றும் ஆவுடையார்கோயிலில் அந்தக் கதையைச் சொல்லும் குதிரைச் சிற்பங்களைப் பார்க்கலாம். இறைவன் இறங்கி வந்து ஈடுகட்டிய கணக்கு அது. குதிரைக்கென்று இருக்கும் பணத்தைத் தர்மத்துக்குத் திருப்பும் உரிமை நமக்கு இல்லை. தீவனம், தண்ணீர் வண்டி, லாடம், கால்நடை மருத்துவர், ஏற்றி இறக்கும் வாகனம், குதிரைக்காரர் கூலி, ஓய்வு நாள்களின் செலவு எல்லாவற்றையும் எழுதி, அதற்கு முன்கூட்டியே தனியாகப் பணம் தேடுங்கள். வசூலான தொகை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொள்ளில் கை வைக்கக் கூடாது.

3. சுழி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால் பார்த்த பிறகு பாருங்கள்.

அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வாங்க வருபவர் முதலில் சுழியைத்தான் தேடுவார். காதுகள் உள்வளைந்து நுனி சேரும் மார்வாரிக் குதிரைகளையும் கத்தியவாரிக் குதிரைகளையும் அங்கே பார்த்து மயங்காதவர் இல்லை. அழகு கல்யாண ஊர்வலத்துக்குப் போதும். கரடுமுரடான பாதைக்கு வேண்டியவை நேரான கால்கள், வெடிப்பில்லாத குளம்பு, அமைதியான குணம். ஆறேழு வயதுக்கு மேல், பதினைந்துக்குள் இருந்தால் நல்லது.

உங்களுக்கு வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஊர்வலக் குதிரைகளாகவே இருக்கும். மேளத்துக்கும் வெடிக்கும் அவை பயப்படாது, அது பெரிய சௌகரியம். ஆனால் தெருவில் அரை கிலோமீட்டர் ஆடி ஆடி நடந்து பழகிய உடம்பு அது. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் தாங்கும் மூச்சு அதற்கு இராது. ஆறு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் நடக்க வையுங்கள். முதல் வாரம் ஐந்து கிலோமீட்டர், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இரண்டு நாள் சவாரிக்கு ஆறு வாரப் பயிற்சியா என்று கேட்பவரைக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

காயடிக்காத ஆண் குதிரையையும் பெட்டையையும் ஒரே வரிசையில் விடுவது வேண்டாத வேலை.

4. மருத்துவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குதிரையும் வரக் கூடாது.

பல ஊர்க் குதிரைகள் ஓரிடத்தில் கூடி ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் நோயும் சேர்ந்தே கைமாறும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்கென்றே நெடுங்காலமாக உழைத்துவருகிறது. டெட்டனஸ் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள். ஆணி குத்திய சிறு புண்ணிலிருந்து டெட்டனஸ் வந்து சாகும் பிராணிகளில் குதிரைக்கு முதலிடம்.

5. உங்கள் எடையைப் பாருங்கள்.

நம் பக்கத்துக் குதிரை சுமார் 350 கிலோ இருக்கும். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது என்பது உலகெங்கும் குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. அப்படியானால் 70 கிலோ. சேணம், தண்ணீர்ப் பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆள் 60 கிலோவுக்குள் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். அதற்கு மேல் இருப்பவர்கள் தண்ணீர் வண்டி ஓட்டுங்கள், முன்னால் போய் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள், ரசீது போடுங்கள். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான் பல நல்ல முயற்சிகள் குலைகின்றன.

6. தை, மாசி. வேறு மாதம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரிசல் மண் குளம்பைப் பிடித்து இழுக்கும். சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான விதிகள், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் கூடாது என்கின்றன. முள் வைத்த கடிவாளத்தையும் அதே விதிகள் தடுக்கின்றன. நீங்கள் இன்னும் கடுமையாக இருங்கள். விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மறுபடி மாலை நான்குக்குப் பிறகுதான் சேணம் ஏற வேண்டும்.

7. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திருக்கோவலூர்ப் பக்கம் ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கு ஓரி. தன் பெயரையே குதிரைக்கும் வைத்துக்கொண்டவர்கள் நம் வள்ளல்கள். குதிரைக்குத் தன் நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்ச தூரமும், வாலுக்கு நேர் பின்னேயும் கண் தெரியாது. இடது தோள் பக்கமாக, பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே கிட்டே போங்கள். பின்பக்கமாக ஒருபோதும் போகாதீர்கள்.

8. லாடக்காரரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வேதனையான செய்தி எழுதியிருக்கிறார். அரபு நாட்டுப் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அள்ளிக் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோறும் கறியும் சமைத்துக் கொடுத்தார்கள், லாடக்காரர் இல்லை; மேலும் குதிரை சாகச் சாகத்தான் வியாபாரம் நடக்கும் என்று விற்கிறவர்களே லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். இந்த மண்ணில் வெயிலால் செத்த குதிரைகளைவிட அறியாமையால் செத்தவைதான் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் புது லாடம் அடிக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அடித்து, நடக்க வைத்துப் பாருங்கள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, சிக்கிய கல்லை எடுங்கள்.

9. வழியில் எது விளைகிறதோ அதுதான் முதல் ஆபத்து.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இது கிடைக்காது. நம் பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. இவை மூன்றுமே குதிரைக்கு ஆபத்தாகலாம். வெங்காயத் தாள் பச்சையாக, குளுமையாக இருக்கும். குதிரை ஒரு வாய் கடித்தால் நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அதிகம் தின்றால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து சோகை பிடிக்கும். வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்டிருக்கும் இடத்தில் குதிரையைக் கட்டவே கூடாது.

மக்காச்சோளம் அறுத்த காட்டில் கதிர்கள் சிதறிக் கிடக்கும். குதிரை ஆசையாகத் தின்னும். ஒரே வேளையில் தானியம் அதிகமானால் முதலில் வயிறு கெடும், பிறகு குளம்புக்குள் வீக்கம் வரும். அந்த வீக்கம் முற்றினால் எலும்பே இடம் பெயர்ந்து, ஆயுளுக்கும் நொண்டியாகிவிடும். மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிர் விஷம் என்பது மாடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கும் அது ஆகாது. பருத்திக் காட்டில் மருந்து அடித்திருப்பார்கள். யாரும் பலகை எழுதி வைக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சீமைக்கருவேல முள் லாடத்துக்குப் பக்கத்தில் ஏறினால் வெளியே தெரியாது, நடையில்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் கொடியது அரளி. கோயில் நந்தவனத்திலும் நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் பூத்துக் குலுங்கும். கை நிறைய இலை தின்றாலே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். காய்ந்த இலையிலும் விஷம் போவதில்லை. அய்யனார் கோயில் மரத்தடி நிழல் என்று நம்பிக் கட்டுவதற்கு முன் சுற்றிலும் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

இதனால்தான் பாதை பார்க்க இருசக்கர வாகனத்தில் போகாதீர்கள் என்கிறேன். ஒரு வாரம் முன்பு முழு வழியையும் நடந்து பார்க்க வேண்டும், அதுவும் ஊரிலுள்ள விவசாயி ஒருவரோடு. எங்கே யார் நிலம், எந்த வரப்பு தாங்கும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். வரப்பை உடைத்துவிட்டால் அன்றே மண் வெட்டிப் போட்டுச் சரிசெய்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

10. வெடிப்பும் கிணறும்.

மாசி பிறந்தால் கரிசல் காட்டில் வெடிப்பு விடத் தொடங்கும். குளம்பு இறங்கும் அகலத்துக்கு விடும். காட்டின் நடுவே குதிரையை ஓட விடாதீர்கள், வண்டிப் பாதையிலேயே போங்கள். நம் பக்கத்து இறவைக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. புல் மூடிய விளிம்பு உள்வாங்கியிருக்கும். கிணற்றுப் பக்கம் போவதானால் இறங்கி, கையில் பிடித்து நடத்திச் செல்லுங்கள்.

11. தண்ணீர்.

சும்மா நிற்கும் குதிரையே நாளைக்கு 25 லிட்டர் குடிக்கும். வெயிலில் நடந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். வழியில் ஏரி இருக்கிறது, தொட்டி இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், வண்டியில் கொண்டுபோங்கள். புதுத் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது, அதனால் பழகிய வாளியையும் எடுத்துச் செல்லுங்கள். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். நடத்தி ஆற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுங்கள். குதிரையின் வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். தீவனத்தில் உப்புச் சேருங்கள்.

12. சாலையில்.

எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும், பக்கவாட்டில் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். தை, மாசி அரவைக் காலமாகவும் அமையலாம். ஆலையில் கேட்டு, வண்டிகள் குறைவாக வரும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்தால் எல்லோரும் இறங்கி, காவல்துறை உதவியோடு, ஒரே கூட்டமாகக் கடக்க வேண்டும். பாதிக் குதிரைகள் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிந்தால், பின்தங்கியது கூட்டத்தோடு சேர வெறிபிடித்து ஓடும்.

ரஞ்சன்குடியில் 1751-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் நின்று போரிட்டார்கள். அந்தக் காலத்தில் குதிரைகள் புழங்கிய இடம் என்பதற்காகக் கோட்டைக்குள் சவாரி போக நினைக்காதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் அது. குதிரைகளை வெளியே நிழலில் நிறுத்திவிட்டு, முறை வைத்துப் போய்ப் பார்த்து வாருங்கள்.

தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். குதிகால் உள்ள காலணி வேண்டும். செருப்பு அங்கவடியில் சிக்கினால் விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள்.

13. நிற்கும்போதெல்லாம் நாடி பாருங்கள்.

தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி தட்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நடந்து வந்து அரை மணி நேரம் நிழலில் நின்ற பிறகும் 64-க்குக் கீழே இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்கு அன்றைய சவாரி முடிந்தது. இதில் வாதமே கூடாது. உலகெங்கும் நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில் மருத்துவர்கள் ஏறத்தாழ இந்த அளவை வைத்துத்தான் குதிரையை வெளியே எடுக்கிறார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே விழ வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும்.

வயிற்று வலி வந்தால் குதிரை தீவனத்தை வெறுக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், படுத்துப் புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது. எண்ணெய் ஊற்றலாமா, கஷாயம் கொடுக்கலாமா என்று யோசித்து நிற்காதீர்கள். உடன் வரும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் 1962-ஐ அழையுங்கள். மனிதருக்கு 108 போல, அரசின் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. இரண்டு எண்களும் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

யார் சொன்னால் சவாரி நிற்கும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அவர் நன்கொடை வசூலில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும்.

14. இரவில் குதிரைகளைக் கான்கிரீட் தளத்தில் கட்டாதீர்கள்.

நின்றபடியே தூங்கும் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஆழ்ந்து தூங்கக் குதிரை படுக்க வேண்டும். மெத்தென்ற மண்ணோ வைக்கோலோ வேண்டும், படுக்குமளவு கயிறு நீளம் வேண்டும், ஆனால் காலில் சுற்றுமளவு நீளம் கூடாது. வயிறு சிறியது, கொள்ளை ஊற வைத்துக் கொஞ்சமாக, பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உலர்ந்த புல் இரவு முழுக்க எதிரில் இருக்கட்டும். முறை வைத்து ஒருவர் விழித்திருங்கள். ஒலிபெருக்கி, பாட்டுக் கச்சேரி எல்லாவற்றையும் ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

15. ஊர்ப்பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

அய்யனார் கோயிலில் மண்ணில் பார்த்ததை உயிரோடு பார்க்கும் மகிழ்ச்சி அவர்களுக்கு. விரட்டாதீர்கள். ஒவ்வோர் ஊரிலும் அமைதியான ஒரு குதிரையைத் தனியே நிறுத்தி, இருவர் இருவராக வரச் சொல்லி, கழுத்தைத் தடவ விடுங்கள். காலும் கையும் சரியாக இயங்காத பிள்ளைகளை முதலில் அழையுங்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்குப் பெண் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஏறவும் இறங்கவும் பிறர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏறிவிட்டால் ஆண்களோடு சரிக்குச் சரியாகப் போட்டியிட்டார். ஊனமுற்ற பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் இயக்கம் பல நாடுகளில் வேரூன்ற அவர் ஒரு பெரிய காரணம். திரட்டும் பணத்தை எதற்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றீர்களே, அந்தப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்பது என் விருப்பம்.

16. திங்கட்கிழமை.

நிழற்படம் எல்லாம் பகிர்ந்து முடித்திருப்பீர்கள். குதிரை இருக்கும் இடத்துக்கு விடியலிலேயே போங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை ஞாயிறு மாலை இறங்கி நடந்தே வந்திருந்தால் இந்த வேலை எளிதாக இருக்கும். நான்கு கால்களையும் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் கை சொல்லிவிடும். சேணம் இருந்த இடத்திலும் வயிற்று வார் இருந்த இடத்திலும் முடி தேய்ந்திருக்கிறதா, அழுத்தினால் முதுகை நெளிக்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் மெல்ல நடத்துங்கள். அந்த வாரம் முழுக்க யாரும் ஏறக் கூடாது. வாடகைக் குதிரையானால் அந்த நாள்களுக்கும் சேர்த்துக் குதிரைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் செவ்வாய்க்கிழமையே ஒரு கல்யாணத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதன் பிறகு வரவு செலவை எழுதி, எந்தெந்த ஊரில் பணம் வாங்கினீர்களோ அந்தந்த ஊரில் ஒட்டுங்கள்.